பன்னிரண்டு பொறி, ஒரே இரவு

கொழும்பில் எலி பிடிக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். ஒரு பொறி வாங்குவார்கள். அன்றிரவே தேங்காய்ச் சொட்டைக் குத்திக் குசினி மூலையில் வைப்பார்கள். ஒரு கிழமையாக ஒன்றும் விழாது. "இது படு கெட்டிக்கார எலி" என்று முடிவு கட்டிவிட்டு மருந்து வாங்கப் போவார்கள். எலிக்கு அவ்வளவு மூளையெல்லாம் கிடையாது. பயம் மட்டும் நிறைய இருக்கிறது. தன் பாதையில் நேற்று இல்லாத ஒரு பொருள் இன்று கிடந்தால் சில நாளைக்கு அதைச் சுற்றிக்கொண்டு போகும். அந்தச் சில நாட்களைப் பொறுக்க மாட்டாதவர்தான் தோற்றுப் போகிறார்.

கணக்கையும் பாருங்கள். பெட்டை எலி சினைப்பட்டு ஏறக்குறைய மூன்று கிழமையில் குட்டி போடும். ஒரு ஈற்றில் ஆறு, எட்டு என்று வரும். அந்தக் குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தாங்களும் குட்டி போடத் தயாராகிவிடும். கிழமைக்கு ஒன்று பிடிப்பது அவற்றுக்கு நட்டமே இல்லை. பிடிப்பதென்றால் ஒன்றிரண்டு இரவுக்குள் பெரும்பகுதியைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு பொறியாவது வேண்டும். ஒரு வீட்டுக்கு இது கூடுதலாகத் தெரியும், ஆனால் பொறி ஒரு முறை வாங்கினால் பல வருடம் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு போட்டும் வாங்கலாம். சுவர் ஒன்றென்றால் எலியும் ஒன்றுதான்.

முதலில் யார் வருகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சீலிங்குக்கு மேலே ஓடுவது கூரை எலி. மெலிந்த உடம்பு, பெரிய காது, உடம்பை விட நீளமான வால், 150 முதல் 250 கிராம் நிறை. புழுக்கை ஏறக்குறைய 12 மில்லிமீற்றர், இரண்டு முனையும் கூராக இருக்கும். கான் வழியாக, மலசலகூடக் குழாய் வழியாக வருவது பழுப்பு எலி. தடித்த உடம்பு, குட்டை வால், புழுக்கை 18 முதல் 20 மில்லிமீற்றர், முனை மொட்டை. நீரில் நன்றாக நீந்தும். சுண்டெலியின் புழுக்கை உடைந்த அரிசி அளவுதான். மதிலோரம் மண்ணைக் கிளறிக் குவித்து வைத்திருந்தால் அது அகளான் என்ற பெருச்சாளி. பெரியது ஒரு கிலோ வரை வரும், சின்னப் பொறியைத் தூக்கிக்கொண்டே போய்விடும். அதற்குக் கனத்த கம்பிக் கூடுதான் சரி.

இன்னொருவர் இருக்கிறார்: நீண்ட மூக்கும், ஒரு மாதிரியான நாற்றமும், கீச்சுக் குரலுமாகச் சுவரை ஒட்டியே ஓடுகிற மூஞ்சூறு. அது எலிச் சாதியே இல்லை. கரப்பொத்தானும் பூச்சியும் தின்றுகொண்டு திரிவது. கூட்டில் விழுந்தால் திறந்து விட்டுவிடுங்கள். பிள்ளையாரின் வாகனம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

பாதையைக் கண்டுபிடிப்பது அடுத்த வேலை. எலி அறைக்கு நடுவால் போகாது. மீசையும் உடம்பும் சுவரில் பட்டால்தான் அதற்கு நிம்மதி. ஒரே வழியால் திரும்பத் திரும்பப் போவதால் கூரை மரமான வளையிலும் சுவர் விளிம்பிலும் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்குப் படியும். தெரியவில்லையென்றால் முகப்பவுடரை ஒரு சாண் அகலத்துக்கு மெல்லியதாகத் தூவி விடுங்கள். காலையில் கால்தடமும், நடுவில் வால் இழுத்த கோடும் தெரியும். கோதுமை மா தூவக் கூடாது. அது சாப்பாடு, தடமும் கிடைக்காது, எறும்புதான் மிஞ்சும்.

பொறி வாங்கும்போது மரப்பலகைப் பொறியா பிளாஸ்திக் பொறியா என்பது பெரிய விடயமில்லை. பலகை ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் நீளமும் 8 சென்ரிமீற்றர் அகலமும் இருக்க வேண்டும். அதைவிடச் சின்னது சுண்டெலிக்கானது; அதில் பெரிய எலியின் மூக்கு மட்டும் அடிபட்டுத் தப்பும், பிறகு அந்த எலி எந்தப் பொறிப் பக்கமும் வராது. பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடைகளில் டசின் கணக்கில் எடுக்கும்போது ஒவ்வொன்றின் அடிகம்பியையும் இழுத்துக் கட்டி, இரை வைக்கும் தட்டைப் பென்சிலால் தட்டிப் பாருங்கள். தட்டு லேசாக அசைந்த உடனே அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் கொளுக்கி ஆழமாக மாட்டுகிறது என்று அர்த்தம். அடிகம்பியைப் பிடித்து வைத்திருக்கும் பிடிகம்பியின் நுனி கொளுக்கியின் விளிம்பில் மட்டும் தங்கும்படி குறட்டால் கொஞ்சம் வளைத்து விட்டால் சரியாகும். இந்த ஊரின் உப்புக் காற்றில் சுருள் கம்பி ஒரு வருடத்துக்குள் துருப்பிடிக்கும். கீலிலும் சுருளிலும் ஒரு துளி தேங்காயெண்ணெய் விட்டு வைத்தால் நாள் தாங்கும்.

இரைக்குக் கொழும்பில் சுட்ட தேங்காய்ச் சொட்டை வெல்ல ஒன்றுமில்லை. விளிம்பு கறுக்கும்வரை சுட்டால் வாசம் தூரம் போகும், ஈரமும் வற்றிவிடும். கூரை எலிக்குக் கச்சானும் பிடிக்கும். வறுத்த கச்சானை அம்மியில் வைத்து எண்ணெய் கசிகிற அளவுக்கு அரைத்துத் தட்டில் அப்பினால், நக்கித் தின்ன நேரமெடுக்கும், அந்த நேரத்தில் பொறி அடிக்கும். கருவாடு பழுப்பு எலிக்கு நல்லது, ஆனால் தெருப் பூனை எல்லாம் முதலில் வரும். அளவு ஒரு கடலைப் பருமன் போதும். பெரிய துண்டு வைத்தால் எலி தட்டில் காலே படாமல் ஓரத்தைக் கடித்து இழுத்துக்கொண்டு போகும். தேங்காய்ச் சொட்டானால் தையல் நூலால் தட்டோடு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். இழுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வரவேண்டும்.

இனி வைக்கும் முறை. பொறி சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். சுவருக்குச் சமாந்தரமாக வைத்தால், ஒரு பக்கத்தால் வரும் எலிக்கு முதலில் கம்பியின் பின்புறம்தான் கால்படும், அடிபடாமல் தூக்கியெறியப்பட்டுத் தப்பிவிடும். கறுப்புப் பிசுக்கு உள்ள இடத்தில் இரண்டு பொறியைப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். ஒன்றைத் தாவுகிற எலி மற்றதில் இறங்கும். சோடிக்குச் சோடி ஐந்தாறு மீற்றர் தூரம் இருக்கலாம். சுண்டெலியென்றால் இரண்டு மீற்றருக்கு ஒன்று வேண்டும், அது தூரம் போகாத பிராணி. சீலிங்குக்கு மேலே வளையில் வைப்பதென்றால் கேபிள் டையால் வளையோடு கட்டுங்கள். கட்டாமல் வைத்த பொறி அரைகுறையாக அடிபட்ட எலியோடு சேர்ந்து சீலிங் பலகையில் விழும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்ட வீட்டார் பிறகு உங்களை மேலே ஏறவே விட மாட்டார்கள். மேலே ஏற முதல் மெயின் சுவிச்சை நிற்பாட்டுங்கள். எலி உள்ள கூரையில் வயர் கடிபடாமல் இருப்பது அபூர்வம்.

பொறியின் அடிகம்பியை இழுத்துக் கட்டாமல் இரை மட்டும் வைக்கும் நாட்கள் இனித்தான் வருகின்றன. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டு பொறியையும் அதனதன் இடத்தில், அடிக்காத நிலையில் வைத்து, ஒவ்வொரு மாலையும் ஏழு மணிக்குப் புது இரை போடுங்கள். காலையில் எந்தப் பொறியில் இரை போயிருக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். முதல் இரவு ஒன்றும் குறையாது. இரண்டாம் இரவு ஒன்றிரண்டு போகும். நாலாம் ஐந்தாம் இரவுகளில் எட்டுப் பொறியில் இரை காலி. அடுத்தடுத்து இரண்டு இரவு அப்படி இருந்தால், மறுநாள் பன்னிரண்டையும் ஒன்றாகக் கட்டுங்கள். தொடாத நாலையும் இரை போகிற இடத்துக்கு மாற்றி வைத்துக் கட்டலாம். வீட்டில் வேறு சாப்பாடு கிடைக்கக் கூடாது: குப்பை வாளிக்கு இறுக்கமான மூடி, அரிசி மா எல்லாம் தகர டின்னில், நாய்க்கு வைத்த சோறு இரவில் எடுக்கப்பட வேண்டும். இதைச் செய்யாமல் கட்டிய பொறி, கல்யாண வீட்டு வாசலில் பாண் விற்பது மாதிரி.

முதல் இரவில் விழுவதுதான் பெரும்பகுதி. இரண்டாம் இரவில் அதில் பாதி. மூன்றாம் இரவுக்குப் பிறகு எடுத்துவிட்டு ஒரு கிழமை பொறுங்கள். மிஞ்சியவை பொறியைப் படித்துவிட்டவை. அவற்றுக்கு இடத்தையும் இரையையும் மாற்றி, மறுபடி கட்டாத பொறியிலிருந்து தொடங்க வேண்டும்.

இரை போயிருக்கிறது, பொறி அடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் எறும்பு மேல். கொழும்பில் பாதிப் பொறிகளை எறும்புதான் காலி செய்கிறது. இரையில் மீதியாகத் தூள் கிடந்தால், ஓட்டைகளாகத் துளைத்திருந்தால் அது எறும்பு. மாலையில் வெள்ளெனவே வைக்காமல் இருட்டும்போது வைப்பதும், சொட்டை நன்றாகச் சுட்டு உலர்த்துவதும் உதவும். இரை முழுதாக, சுத்தமாகப் போயிருந்தால் கொளுக்கி இறுக்கம். பொறி அடித்து ஒன்றும் இல்லாமல், கொஞ்சம் மயிர் மட்டும் ஒட்டியிருந்தால் வைத்த திசை பிழை அல்லது பொறி சின்னது. மயிரும் இல்லையென்றால் கரப்பொத்தானோ பல்லியோ தட்டியிருக்கும், கொளுக்கி தேவைக்கு மேல் இளகியிருக்கிறது. மனித வாசம் பட்டால் எலி வராது, இரத்தம் பட்ட பொறியைக் கொதிநீரில் கழுவ வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். நம்மோடு ஒரே வீட்டில் வாழும் எலிக்கு நம் வாசம் புதிதா? கையுறை போடச் சொல்வது எலிக்காக இல்லை, உங்களுக்காக.

அதற்குக் காரணம் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி, கையில் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போகும். 2008இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்த நோய்ச் சந்தேகத்தில் பதிவானார்கள். செத்த எலியை எடுக்க முதல் ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலைப் பொறியோடு சேர்த்து நனைய ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கையுறையோடு எடுத்து இரண்டு பைக்குள் கட்டுங்கள், அல்லது ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். புழுக்கையைத் தும்புத்தடியால் காய்ந்தபடி கூட்டவே கூடாது. அதே கரைசலால் நனைத்துத் துடைத்து எடுங்கள். கான் துப்புரவாக்கியவருக்கோ வெள்ளத்தில் நடந்தவருக்கோ ஓரிரு கிழமைக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், பனடோல் போட்டுக்கொண்டு படுக்காமல், எலி இருக்கும் இடத்தில் வேலை செய்ததை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

செத்த எலியைக் காலையில் நேரத்தோடு எடுத்துவிட வேண்டும். அதற்குக் காரணம் தெள்ளு. எலியின் உடம்பு குளிர்ந்ததும் தெள்ளுகள் அதை விட்டு இறங்கி அடுத்த உடம்பைத் தேடும். இந்த நகரம் அதை நன்றாக அறிந்தது. 1914இல் கொழும்புக்குப் பிளேக் வந்த பிறகு, இங்கே நகர நுண்ணுயிரியலாளராக இருந்த பேபியன் ஹேர்ஸ்ட் எலித் தெள்ளுகளை இனம் பிரித்துப் பார்த்து, எல்லாத் தெள்ளும் நோயை ஒரே மாதிரிப் பரப்புவதில்லை என்று காட்டினார். ஸீனொப்சில்லா சியோபிஸ் என்ற இனம் பரப்புவதில் வலியது, இங்கே பரவலாக இருந்த அஸ்டியா என்ற இனம் மெலியது. இன்று பிளேக் இல்லை, தெள்ளு இருக்கிறது.

மருந்தைப் பற்றி. கடைகளில் கிடைக்கும் கட்டிகளில் பெரும்பாலும் புரோமடியோலோன் அல்லது புரோடிபகூம் 0.005 வீதம் இருக்கும். இரத்தத்தை உறைய விடாமல் செய்து மூன்று முதல் ஏழு நாளில் கொல்லும். அதற்குள் எலி எங்கே போய்ச் சாகும் என்பது நம் கையில் இல்லை. சீலிங்குக்குள், அலுமாரிக்குப் பின்னால், சுவர் இடுக்கில் செத்தால் இந்தச் சூட்டில் இரண்டு கிழமை நாற்றம் தாங்க வேண்டும். அந்த எலியைத் தின்ற பூனைக்கும் நஞ்சேறும். தின்ற நாய் பூனைக்கு விற்றமின் கே1 தான் மாற்று மருந்து, அதுவும் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால். சிங்க் பொஸ்பைட் வேகமானது, ஆனால் கொஞ்சமாகத் தின்று வயிறு நொந்து தப்பிய எலி அந்த இரையை மறுபடி தொடாது, ஈரம் பட்டால் பொஸ்பீன் வாயு வரும். வீட்டுக்குள் வைக்கும் பொருளே இல்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவில்லாத பீடைகொல்லியை விற்க முடியாது. பெயரும் இலக்கமும் இல்லாமல் நடைபாதையில் விற்கும் பொட்டலத்தைக் கையால் தொடவும் வேண்டாம்.

பசை அட்டையும் எனக்குப் பிடிப்பதில்லை. எலி மணிக்கணக்கில் துடிக்கும், பல்லியும் அணில் குஞ்சும் ஒட்டும், தூசு படிந்தால் இரண்டு நாளில் பசை செத்துவிடும். ஒட்டிய பல்லியைத் தேங்காயெண்ணெய் விட்டு மெதுவாகக் கழற்றலாம். கம்பிக் கூடு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பாதுகாப்பானது, ஆனால் உயிரோடு பிடித்த எலியை என்ன செய்வது என்று முதலே யோசித்து வையுங்கள். அடுத்த ஒழுங்கையில் கொண்டுபோய் விடுவது தீர்வில்லை, தண்ணீரில் அமுக்குவது கொடுமை. சரியாக அடிக்கும் பொறி நொடியில் முடித்துவிடும்.

சுட்டுவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்கப் பண்ணைக் கொட்டகைகளில் ரிவோல்வரில் 12ஆம் இலக்கச் சன்னம் நிரப்பிய தோட்டா போட்டு எலியும் பாம்பும் சுடுவார்கள். ஒவ்வொரு சன்னமும் ஏறக்குறைய 1.3 மில்லிமீற்றர், சில மீற்றருக்கு மேல் போனால் சிதறி வலு இழந்துவிடும். இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், சீமெந்துச் சுவரில் பட்டுத் திரும்பும் சன்னமும் ஓட்டை விழுந்த கூரைத் தகடும் எலியை விடப் பெரிய தலையிடி.

ஓட்டை அடைப்பது கடைசி வேலை, முதல் வேலையில்லை. எலி உள்ளே இருக்கும்போது அடைத்தால் அது வேறு இடத்தால் கடித்து வெளியே வரும், அல்லது உள்ளேயே சாகும். பிடித்து முடிந்ததும் சந்தேகமான ஒவ்வொரு ஓட்டையிலும் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணியுங்கள். மூன்று இரவு அசையாமல் இருந்தால் அடையுங்கள். தாள் வெளியே கிடந்தால் பொறி மறுபடி. பெரிய எலிக்கு 12 மில்லிமீற்றர் இடைவெளி போதும், சுண்டெலிக்கு 6. பென்சில் நுழைகிற இடமெல்லாம் கதவு என்று வையுங்கள்.

அஸ்பெஸ்டஸ் கூரையில் தகட்டின் அலை சுவரைத் தொடும் இடத்தில் வரிசையாக அரைவட்ட இடைவெளிகள் இருக்கும். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் எலி வருவது இதனால்தான். கால் அங்குலக் கண் உள்ள நாகப்பூச்சுக் கம்பிவலையை உள்ளே மடித்துத் திணித்து, ஒன்றுக்கு மூன்று சீமெந்து மணல் கலவையால் பூசுங்கள். தகட்டைக் காய்ந்தபடி துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கூடாது. சாதாரண இரும்புப் பஞ்சு இந்தக் காற்றில் சில மாதத்தில் துருவாகிக் கொட்டும். பாத்திரம் தேய்க்கும் துருவேறாத கம்பிச் சுருள் வாங்கித் திணித்து மேலே பூசினால் நிற்கும். நுரை அடைப்பானை மட்டும் நம்பாதீர்கள், எலி ஓர் இரவில் குடைந்துவிடும்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் கதை வேறு. ஆறாம் மாடிக்கு எலி எப்படி வருகிறது? ஏசி குழாய்க்குத் துளைத்த ஓட்டையைப் பொருத்த வந்தவர் மாக்களிம்பால் மூடிவிட்டுப் போயிருப்பார். அதை எலி பிய்த்துவிடும். குழாய்த் தண்டு வழியாக மாடிக்கு மாடி ஏறி, கழுவுதொட்டிக்குக் கீழே உள்ள பெரிய ஓட்டையால் குசினிக்குள் இறங்கும். அந்த அலுமாரியைத் திறந்து பின்சுவரை ரோச் அடித்துப் பாருங்கள். குளியலறைத் தரையின் தண்ணீர்த் துவாரத்துக்கு மூடி இல்லையென்றால் அதுவும் வழி.

புறக்கோட்டையில் மொத்தக் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விடயம். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் 15 சென்ரிமீற்றர் உயரப் பலகையில், சுவரிலிருந்து 45 சென்ரிமீற்றர் தள்ளி அடுக்குங்கள். இடம் காணாது என்பீர்கள். சுவரோடு ஒட்டிய அந்த ஒன்றரை அடிக்குள்தான் எலி குடும்பம் நடத்துகிறது. அந்த இடைவெளியில் தரைக்கு வெள்ளைப் பெயின்ற் பூசினால் ஒரு புழுக்கை விழுந்தாலும் காலையில் தெரியும். பருப்பு மூட்டையில் அடியில் கிடப்பதை முதலில் விற்காமல் மேலே வந்ததையே விற்றுக்கொண்டிருந்தால், அடி மூட்டை மாதக்கணக்கில் அசையாது, அதற்குள்தான் கூடு.

மரக்கிளையைக் கூரையிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி வெட்டுங்கள். தென்னையென்றால் ஆளுயரத்துக்கு மேல் ஒன்றரை அடி அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி இறுக்கி அடித்தால் எலி ஏறாது, குரும்பையும் தப்பும். கேபிள் ரீவி வயர், தொலைபேசி வயர் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பார்க்க மறக்காதீர்கள். கூரைப் பீலிக்குள் காய்ந்த இலை நிறைந்திருந்தால் அதுவே பெருந்தெரு.

பொறிகளைக் கழுவிக் காயவைத்து, ஒரு டின்னில் போட்டு, உள்ளே எத்தனை இருக்கிறது என்று மூடியில் எழுதி வையுங்கள். ஒன்று குறைந்தால் அது கட்டியபடி எங்கேயோ கிடக்கிறது. கால்விரலுக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது.